நகக்கோடு

ஏழாம் பாகம், நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம், நான்காவது கட்டம். அம்சவேணியின் கை மவுஸின் மேல் அப்படியே நின்றுவிட்டது. பார்க்கப் போனால் அந்தக் கட்டத்தில் அவளுக்கு வேலையே இல்லை. வசனக் குமிழ் இல்லை, ‘தடால்’, ‘விர்ர்’ என்று தமிழில் எழுதி நிரப்ப வேண்டிய சத்தமும் இல்லை. ஒரு கட்டைவிரல், அதன் நகம், நகத்துக்குக் கீழே ஒரு வெற்றுத் தாள். கேப்டன் குசுமோரி கூடாரத்தில் உட்கார்ந்து கடிதம் எழுதப் போகிறான், அதற்கு முன்னால் நகத்தை அழுத்தி இழுத்துத் தாளில் கோடு போட்டுக்கொள்கிறான், அவ்வளவுதான். ஆனால் குசுமோரி கடிதம் எழுதுகிற ஆளா? இரண்டு வருஷமாக, ஆறு பாகமாக, இந்த ஜப்பானியப் படக்கதையை ஆங்கிலத்திலிருந்து தமிழாக்கி, பக்கத்தைத் துடைத்து, குமிழுக்குள் எழுத்தை உட்கார வைத்து அனுப்பிக்கொண்டிருக்கிறாள். ‘பனிக்கணவாய்’ என்று தமிழில் பெயர் வைத்ததே அவள்தான். அந்த ஆறு பாகத்தில் குசுமோரி அடித்திருக்கிறான், உதைத்திருக்கிறான், காய்ச்சல்காரனைப் பனியில் நிற்க வைத்திருக்கிறான், பூட்ஸில் சேறு இருந்ததற்காக ஒருவனுக்கு இரண்டு நாள் சோறு போடாமல் இருந்திருக்கிறான். தமிழ்நாட்டில் இதைப் படிக்கிறவர்கள் ஓராயிரம் பேர் இருந்தால் அந்த ஆயிரம் பேரும் இவன் எப்போது சாவான் என்றுதான் அடுத்த பாகத்தை வாங்குகிறார்கள். அவர்களில் முதல் ஆள் அம்சவேணி. இது வலமிருந்து இடமாகப் படிக்க வேண்டிய புத்தகம், ஒருவேளை கட்டங்களை வரிசை மாற்றிப் பார்த்துவிட்டோமோ என்று வலது மேல் மூலையிலிருந்து இன்னொரு முறை வந்தாள். வரிசை சரிதான். நகம் அங்கேயேதான் இருந்தது.

அடுத்த பக்கத்தைத் திறந்தாள். குசுமோரியின் மடியில் ஒரு நோட்டுப் புத்தகம். அட்டையில் சோமா என்று பெயர். சோமா மூன்றாம் பாகத்திலேயே பனிச்சரிவில் செத்துப்போன சிப்பாய், அவனுக்காக அவள் நிஜமாகவே மூக்கைச் சிந்தியிருக்கிறாள். குசுமோரி அந்த நோட்டைப் பார்த்துப் பார்த்து ஒரு துண்டுக் காகிதத்தில் எழுத்துப் பழகுகிறான். அடுத்த கட்டத்தில் இன்னொரு நோட்டு, இன்னொரு செத்தவன். அதற்கடுத்து ஒரு பெட்டி நிறைய நோட்டுகள். நூற்று நாற்பத்தைந்தில் எங்கோ ஒரு கிராமத்தில் ஒரு தாய், இரண்டு பிள்ளைகளைப் பட்டாளத்துக்கு அனுப்பியவள், ஆளுக்கொன்றாக வந்த இரண்டு கடிதங்களை ஜன்னல் வெளிச்சத்தில் ஒன்றின்மேல் ஒன்றாகப் பிடித்துப் பார்க்கிறாள். எழுத்து வேறு வேறு. கோடுகள் ஒன்று. இரண்டு தாளிலும் ஒரே அழுத்தத்தில், ஒரே இடைவெளியில், மை இல்லாத கோடுகள். அப்படியென்றால் ஆறு பாகமாக வீட்டுக்குப் போன கடிதமெல்லாம்? ‘எங்கள் கேப்டன் ஒரு நாய், அம்மா. அவன் செத்தால் நாங்கள் இங்கே பண்டிகை கொண்டாடுவோம்.’ அதை அவள் எவ்வளவு ரசித்துத் தமிழாக்கினாள். நாய் போதாதென்று சொறிநாய் என்று போட்டாள். அந்தச் சொறிநாய் அவனே அவனுக்கு எழுதிக்கொண்டது. செத்தவன் பெயரில், செத்தவன் கையெழுத்தில், பிள்ளை உயிரோடு இருப்பதாக அம்மாக்காரி நம்ப வேண்டும், பிள்ளையென்றால் கேப்டனைத் திட்டத்தானே செய்வான் என்று உட்கார்ந்து தன்னையே திட்டி எழுதியிருக்கிறான் படுபாவி.

பிறகுதான் இன்னொன்று உறைத்தது. கோடுகள். முதல் பாகத்திலிருந்தே அந்தக் கோடுகள் இருந்தன. கடிதம் வருகிற பக்கங்களிலெல்லாம் எழுத்துக்குக் கீழே கண்ணுக்குத் தெரிந்தும் தெரியாமலும் சாம்பல் நிறத்தில் ஒரு இழை ஓடும். அவள் அதை அழுக்கு என்று நினைத்தாள். பக்கம் துடைப்பது என்பது அவள் தொழிலில் பாதி: பழைய எழுத்தை அழிக்க வேண்டும், தூசி, புள்ளி, நிழல் எல்லாவற்றையும் எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் ஊர்க் காகிதத்தில் அது கறையாக விழும். அம்சவேணி துடைத்த பக்கம் என்றால் பளிங்கு மாதிரி இருக்கும் என்று பேர் வாங்கியவள். ஆறு பாகம், அறுபது எழுபது கடிதங்கள், ஒவ்வொன்றிலும் உட்கார்ந்து கோடு கோடாகத் துடைத்திருக்கிறாள். அந்த ஜப்பான்காரர் ஆறு புத்தகமாக யாருக்கும் தெரியாமல் புதைத்து வைத்த விதையை இவள் களை என்று பிடுங்கிப் போட்டிருக்கிறாள். ஏழாம் பாகத்தைப் படித்துவிட்டு வாசகர்கள் ஓடிப்போய் முதல் பாகத்தை எடுத்து வெளிச்சத்தில் பிடிப்பார்கள். அங்கே ஒன்றும் இருக்காது. அழுக்கு என்று நினைத்தேன். அந்த வார்த்தை மனசில் எதிலோ போய் மாட்டிக்கொண்டு நின்றது. இதற்கு முன்னால் வேறெங்கோ இதே போல் கோடு கோடாக அழுக்குத் துடைத்தோமே, எங்கே? யோசிப்பதற்குள் ஃபோன் அடித்தது.

பதிப்பாளர் ஜெபராஜ். “என்னம்மா அம்சவேணி, ஒரு மணிக்கு ஃபைல் வந்துடும்ல? அச்சகத்துல மெஷின வெயிட்டிங்ல வச்சிருக்கேன்.”

“சார், ஒரு தப்பு நடந்துபோச்சு.”

அவள் சொன்னாள். தட்டுத் தடுமாறி, கோடு, நகம், அழுக்கு என்று முன்னுக்குப் பின்னாகச் சொன்னாள். ஜெபராஜ் நல்ல மனுஷர், கேட்டுக்கொண்டிருந்தார்.

“சரி விடுங்க. யாரு கவனிக்கப் போறாங்க? இந்தப் பாகத்துல மட்டும் கோட்ட விட்ருங்க. பழசையெல்லாம் மறுபதிப்புல பாத்துக்கலாம்.”

“இதுலயும் தொடச்சிட்டேன் சார். முன்னாடி பக்கங்கள்ல. காலைலதான்.”

“அப்ப திரும்ப போட்டுருங்க. கோடுதானே? நேர் கோடு போடத் தெரியாதா உங்களுக்கு?”

“நேர் கோடு இல்ல சார், நகக்கோடு. கையால போட்டது. நடுவுல கொஞ்சம் வளையும். முடியிற இடத்துல அழுத்தம் கொறையும்.” சொல்லிக்கொண்டே வந்தவள் நிறுத்திவிட்டாள். இவ்வளவு விவரம் அந்தப் படத்தில் இல்லை. படத்தில் வெறும் விரலும் கோடும்தான். நடுவில் வளையும் என்றும் முடிகிற இடத்தில் அழுத்தம் குறையும் என்றும் தனக்கு யார் சொன்னது? ஜெபராஜ் ஏதோ சொல்லிவிட்டு வைத்தார். அது காதில் விழவில்லை.

கூடத்தில் பிரஷ் தேய்க்கிற சத்தம் கேட்டது. மணி பதினொன்றே முக்கால் என்றால் அப்பா ஷூவுக்குப் பாலிஷ் போடுகிறார் என்று அர்த்தம். பட்டாளத்திலிருந்து ஓய்வு பெற்ற நாயிப் சுபேதார் கோதண்டம், எண்பது வயது, தெருமுனையைத் தாண்டி எங்கும் போவதில்லை, ஆனாலும் தினமும் பாலிஷ். பன்னிரண்டரைக்குச் சோறு. ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆனால் திட்ட மாட்டார், கடிகாரத்தைப் பார்ப்பார், அது திட்டுவதைவிட மோசம். ஆவடியில் இந்த இரண்டு அறை வீட்டில் அவரும் அவளும்தான். கல்யாணமாகிப் போய் நாலே வருஷத்தில் திரும்பி வந்த நாளிலிருந்து அவருக்குச் சமைத்துப் போடுகிறாள், மருந்து எடுத்துக் கொடுக்கிறாள், ஒரு நாளும் அவரோடு உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அவர் தின்று முடித்துக் கை கழுவிய பிறகு சமையலறையில் நின்றுகொண்டே இவள் தின்பாள். அப்பாவின் வலது கட்டைவிரல் நகம். அதை மட்டும் அவர் வெட்டுவதில்லை. மற்ற ஒன்பதையும் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வெட்டுவார், அந்த ஒன்று நீண்டு, தடித்து, மஞ்சளாக இருக்கும், சின்ன வயதில் அதைக் கண்டால் அவளுக்குப் பயம். தேதி கிழிக்கிற காலண்டர் தாளின் பின்பக்கத்தில்தான் மளிகைச் சாமான் எழுதுவார், பிரஷர் மாத்திரைக் கணக்கு எழுதுவார். எழுதுவதற்கு முன்னால் தாளை மேஜையில் வைத்து அந்த நகத்தால் சரக் சரக்கென்று கோடு போட்டுக்கொள்வார். பட்டாளத்தில் படிக்காத ஆட்களுக்கெல்லாம் வீட்டுக்குக் கடிதம் எழுதிக் கொடுத்த காலத்துப் பழக்கம் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். நடுவில் கொஞ்சம் வளையும். முடிகிற இடத்தில் அழுத்தம் குறையும். இல்லை, இதில் ஒன்றுமில்லை, நகத்தால் கோடு போடுகிறவர்கள் உலகத்தில் எத்தனையோ பேர், ஜப்பானில் ஒருவன் போடவில்லையா? அவள் எழுந்து தண்ணீர் குடித்தாள். ஸ்கேனர் கண்ணாடி, என்று எங்கிருந்தோ ஒரு நினைப்பு வந்தது. ஸ்கேனர் கண்ணாடியில் அழுக்கு.

வேண்டாம், அந்தப் பக்கம் போகாதே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லிக்கொண்டதாலேயே மனசு நேராக அங்கேதான் போய் நின்றது. மூன்று வருஷத்துக்கு முன்னால் அண்ணன் பரந்தாமனின் கடிதங்களை ஸ்கேன் செய்தாள். நாற்பத்தொரு இன்லண்டு லெட்டர்கள், அம்மா டிரங்குப் பெட்டியில் சேலைக்கு அடியில் வைத்திருந்தது. அண்ணன் எழுத்தைக் கம்ப்யூட்டர் எழுத்தாக்கி வைத்துக்கொள்ள ஆசை. ‘பரந்து’ என்று அதற்குப் பெயர். குறில் நெடில் விடாமல் அவன் எழுத்திலிருந்து ஒவ்வொன்றாக வெட்டி எடுத்தாள். பெரிதாக்கிப் பார்த்தபோது ஒவ்வொரு வரிக்கும் கீழே ஒரு நிழல் ஓடியது. ஸ்கேனர் கண்ணாடியில்தான் அழுக்கு என்று துடைத்தாள், திரும்ப எடுத்தாள், திரும்பவும் நிழல். மெஷினைத் தூக்கிக்கொண்டு சர்வீஸுக்குப் போனாள். அந்தப் பையன் ஒரு வெள்ளைத்தாளை வைத்து எடுத்துக் காட்டி, “கண்ணாடில ஒண்ணுமில்லக்கா, நீங்க வைக்கிற பேப்பர்லதான்” என்றான். அவனைத் தொழில் தெரியாதவன் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து பதினொரு நாள் உட்கார்ந்து அந்த நிழல்களையெல்லாம் கையால் துடைத்தாள். பதினொரு நாள். ‘பனிக்கணவாய்’ கையில் வந்தபோது சோமாவின் கடிதங்களுக்கு அந்தப் பரந்து எழுத்தைத்தான் போட்டாள். செத்தவனுக்கு எதற்கு அண்ணன் எழுத்து என்று அப்போதே ஒரு சங்கடம் வந்தது, சே, கதைதானே என்று தள்ளிவிட்டாள்.

பரந்தாமன் சாகவில்லை. அவன் கோபித்துக்கொண்டு போனவன். தொண்ணூற்றேழாம் வருஷம், ஜூன் மாதம், அவனுக்கு இருபது வயது. பட்டாளத்தில் சேர மாட்டேன் என்றான், ஆள் எடுப்பு முகாமுக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டு சினிமாவுக்குப் போனான், அப்பா பெல்ட்டைக் கழற்றினார். கொக்கி இருக்கிற பக்கமாக அடித்தார். அம்சவேணி கதவுக்குப் பின்னால் நின்று எண்ணினாள், பதினான்கு. விடிந்து பார்த்தால் அவன் இல்லை. நாலு மாதம் அம்மா சாகாமல் செத்தாள். அப்புறம் முதல் கடிதம் வந்தது, அதிலிருந்து வருஷத்துக்கு மூன்று, நல்லா இருக்கேன், வேலை கிடைச்சிருக்கு, ஊர் ஊரா போற வேலை, பதில் போடாதே அம்மா, நானே எழுதுறேன். ரெண்டாயிரத்துப் பதினொன்றில் அம்மா போய்ச் சேர்ந்தாள், கடிதமும் நின்றுபோனது. அம்மா செத்தது அவனுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது, தெரிந்தும் வரவில்லை, தங்கச்சி ஒருத்தி இருக்கிறாளே என்று ஒரு வரி இல்லை. ஆனாலும் வீட்டை மாற்ற அவள் விடவில்லை. இரண்டு தடவை வீட்டுக்காரர் காலி பண்ணச் சொல்லி, காலில் விழாத குறையாகக் கெஞ்சித் தங்கினாள். அவனுக்குத் தெரிந்தது இந்த விலாசம் ஒன்றுதான். யாருமே கூப்பிடாத பழைய லேண்ட்லைன் ஃபோன் இணைப்பை இன்னும் துண்டிக்காமல் வைத்திருக்கிறாள். என்றைக்காவது ஒரு நாள் வழுக்கை விழுந்து, தொப்பையோடு, அக்கம்பக்கத்தில் விசாரித்துக்கொண்டு வந்து நிற்பான். அவள் வாழ்க்கையில் அவள் யாரிடமும் சொல்லாமல் வைத்திருக்கிற சொத்து அது ஒன்றுதான்.

பழைய ஹார்ட் டிஸ்கை எடுத்துச் சொருகினாள். துடைக்காத முதல் ஸ்கேன்கள் அதில் இருக்கும், எதையும் தூக்கிப் போட மாட்டாள். ஒயர் மூன்றாவது முறைதான் உள்ளே போனது. முதல் கடிதத்தைத் திறந்து, வெளிச்சத்தைக் குறைத்து, கறுப்பைக் கூட்டினாள். கோடுகள் மேலே வந்தன. நடுவில் கொஞ்சம் வளைந்து, முடிகிற இடத்தில் மெலிந்து. எண்ணினாள், பதினெட்டு. அடுத்ததைத் திறந்தாள், பதினெட்டு. பத்தாவது, இருபதாவது, கடைசி. எல்லாம் பதினெட்டு. பரந்தாமனின் கட்டைவிரல் அவளுக்குத் தெரியும், நகம் கடித்துக் கடித்துச் சதைக்குள் போயிருக்கும், அதற்காகவும் அடி வாங்கியிருக்கிறான். கடித்த நகத்தால் கோடு போட முடியாது. இல்லை, வளர்த்திருக்கலாம், வீட்டை விட்டுப் போனவன் நகம் வளர்க்கக் கூடாதா? தபால் முத்திரை இருக்கிறதே, முத்திரை பொய் சொல்லுமா? முத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். அம்பாலா. ஜபல்பூர். பெல்காம். செகந்திராபாத். திரும்பவும் அம்பாலா. பட்டான்கோட். பட்டாளத்துக்குப் போக மாட்டேன் என்று பதினான்கு அடி வாங்கியவன், பட்டாளம் தங்கியிருக்கிற ஊராகப் பார்த்துப் பிழைக்கப் போயிருக்கிறான். அந்த ஊர்களிலெல்லாம் இருந்தது யார்? வருஷா வருஷம் ஜனவரியில் அப்பாவுக்கு வாழ்த்து அட்டை அனுப்புகிற கூட்டாளிகள். எழுதிய இன்லண்டை உறையில் போட்டு அனுப்பினால் பிரித்து அந்த ஊர்த் தபால்பெட்டியில் போட மாட்டார்களா? பட்டாளத்துக்காரன் ஏன் எதற்கு என்று கேட்பானா? சமையலறையில் குக்கர் முதல் விசில் கொடுத்தது எங்கோ அடுத்த தெருவில் போலக் கேட்டது.

மொட்டை. கடவுளே, அந்த மொட்டை. தொண்ணூற்றேழு அக்டோபரில் அப்பா குண்டூரில் ஒரு பழைய கூட்டாளிக்கு உடம்பு சரியில்லை என்று போனார். நாலு நாள் கழித்து வந்தார், தலையை மழித்து, மீசையும் இல்லாமல். மீசை இல்லாத அப்பாவை அவள் பார்த்ததே இல்லை, யாரோ ஒரு ஆள் வாசலில் நிற்பதாக நினைத்து, “யாரு வேணும்?” என்று கேட்டாள். “வர்ற வழியில திருப்பதி போனேன்” என்றார். கோயில் பக்கமே தலைவைத்துப் படுக்காத மனுஷன். அம்மாவுக்கு அன்றைக்கு வந்த சந்தோஷம் இருக்கிறதே, பிள்ளை திரும்பி வரணும்னு வேண்டிக்கிட்டு முடி குடுத்திருக்காரு பாரு என்று அக்கம்பக்கமெல்லாம் சொல்லிக்கொண்டு அலைந்தாள். லட்டு எங்கே என்று கேட்டாள். வாங்கவில்லை என்றார். திருப்பதிக்குப் போயிட்டு லட்டு இல்லாம வந்த ஒரே ஆளு உங்கப்பன்தாண்டி என்று அம்மா சாகிற வரைக்கும் அதைச் சொல்லிச் சிரித்தாள். அவர் ஒன்றும் பேச மாட்டார், பாலிஷ் டப்பாவைத் தேடுவார். அவர் வந்த பதினைந்தாம் நாள் முதல் கடிதம் வந்தது. வேண்டுதல் பலித்துவிட்டது என்று அம்மா படத்துக்கு முன்னால் விழுந்து கும்பிட்டாள். கொள்ளி வைத்தவன் மொட்டை அது. குண்டூரிலோ எங்கோ, மகனுக்குக் கொள்ளி வைத்துவிட்டு மீசையையும் எடுத்துவிட்டு வந்து நின்றவரைப் பார்த்து யார் வேணும் என்று கேட்டிருக்கிறாள். லட்டு கேட்டிருக்கிறார்கள்.

அந்தக் கடிதங்கள் அவளுக்கு மனப்பாடம். அப்பாவை விசாரித்ததாகச் சொல் என்று நாற்பத்தொன்றில் ஒன்றிலும் இல்லை. அவன் கோபம் எவ்வளவு நியாயமானது என்று பார்த்தாயா என்று அதை வைத்தே அவள் தன் வெறுப்பைச் சூடாக வைத்திருந்தாள். முதல் கடிதத்தில் ஒரு வரி வரும்: ‘அந்த ஆளு கையால இனி ஒரு வாய் சோறு திங்க மாட்டேன்.’ அதைப் படித்த நாளிலிருந்துதான் அப்பாவோடு உட்கார்ந்து சாப்பிடுவதை அவள் நிறுத்தினாள். அண்ணனுக்காக ஒரு நோன்பு மாதிரி. இப்போது அந்த வரி அவரே எழுதியது என்றாகிறது. பேனா அவர் கையில்தானே இருந்தது? ‘அப்பா மேல எனக்குக் கோபம் போயிடுச்சி அம்மா’ என்று எந்த வருஷமாவது ஒரு வரி சேர்த்திருந்தால் யார் கேட்டிருப்பார்கள்? அம்மா அன்றைக்கே அவர் முகத்தைப் பார்த்துப் பேசியிருப்பாள். மகள் பக்கத்தில் தட்டைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். பதினான்கு வருஷம் எழுதியும் தனக்கென்று ஒரு வரி எழுதிக்கொள்ளவில்லை. குசுமோரி, என்று அவள் வாய் முணுமுணுத்தது, உடனே கோபம் வந்தது, யார் மேல் என்று தெரியாத கோபம். அம்மாவுக்கு எழுதினீர்களே, அம்மா போன பிறகு எனக்கு ஏன் எழுதவில்லை? எழுதாவிட்டால் சொல்லியிருக்கலாமே, உயிரோடு இருக்கிறான் என்று வாசலைப் பார்த்துக்கொண்டே என் வயதெல்லாம் போனதே. அவன் இல்லை என்று இந்த மனசு இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கோடு போட்டது அப்பா என்றால் எழுதியதும் அப்பா, எழுதியது அப்பா என்றால் அவன்… அந்த இடத்தில் வந்து வந்து நின்று திரும்பிக்கொண்டிருந்தது. பிரிண்டர் தட்டிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை உருவினாள். கோடு வேண்டும், வேலைக்குக் கோடு வேண்டும், அதைத்தான் கேட்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே கூடத்துக்குப் போனாள்.

கோதண்டம் இடது கால் ஷூவை முடித்து வலதை எடுத்திருந்தார். “இன்னாம்மா, சோறாயிடுச்சா?”

“இன்னும் ரெண்டு விசில் வரணும்பா. இதுல கோடு போட்டுக் குடுங்களேன். புஸ்தக வேலைக்கு வேணும்.”

“ஸ்கேல் இல்ல?”

“நகத்தால போடணும். நீங்க போடுவீங்களே, அது மாதிரி.”

அவர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். ஷூவைக் கீழே வைத்து, கையைத் துணியில் துடைத்து, தாளை வாங்கி ஸ்டூலின் மேல் வைத்தார். “எவ்ளோ பெருசு?”

“இன்லண்டு லெட்டரு மாதிரி.”

“பதினெட்டு” என்றார் கோதண்டம். யோசிக்கவில்லை, அளக்கவில்லை. சொன்ன பிறகு அவருடைய விரல் தாளின் மேல் கொஞ்ச நேரம் சும்மா இருந்தது. பிறகு முதல் கோட்டைப் போட்டார், இரண்டாவதைப் போட்டார். சரக் சரக் என்று அந்தச் சத்தம். ஏழாவதோ எட்டாவதோ கோட்டில் தலையைத் தூக்காமலேயே பேசினார்.

“மொதக் கடுதாசியில பாதி அவன் எழுதினதுதாம்மா.”

அம்சவேணி குனிந்து தாளின் ஓரத்தை நகராமல் பிடித்துக்கொண்டாள்.

“விஜயவாடா தாண்டி வண்டியிலேர்ந்து விழுந்திருக்கான். கூட்டம், படியில நின்னுகினு வந்திருக்கான். சட்டைப் பையில அந்தக் கடுதாசி இருந்திச்சி, உங்கம்மா பேருக்கு. வெலாசம் எழுதி, பாதி எழுதி, முடிக்கல. அத வச்சித்தான் போலீஸ்ல விசாரிச்சி, நான் வேலை செஞ்ச எடத்துக்கு ஃபோன் பண்ணாங்க. அதுல ரத்தம் இருந்திச்சி. வேற ஒண்ணு வாங்கி அப்டியே பாத்து எழுதினேன். சோறு திங்க மாட்டேன்னு ஒரு வரி வருமே, அது அவன் வரி. அத நான் மாத்தல. மாத்துறது தப்பு.” ஒன்பதாவது கோடு. “ஒண்ணே ஒண்ணு எழுதிட்டு நிறுத்திடலாம்னுதான் பாத்தேன். அவ அந்தக் கடுதாசிய வச்சிகினு சாப்ட ஆரம்பிச்சா. அப்புறம் எங்க நிறுத்துறது?”

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்க அவள் வாயெடுத்தாள். அவர் அதற்குள் பேசிவிட்டார்.

“உங்கிட்ட எப்டி சொல்றதுன்னு தெரியலம்மா. அவ போனதும் சொல்லணும்னு இருந்தேன். வாய் வரல. அப்புறம் நீயே அதையெல்லாம் கம்ப்யூட்டர்ல அவ்ளோ பெருசா வச்சிப் பாத்துகினு இருந்தியே, பத்து பதினோரு நாளு. ஒவ்வொரு கோட்டையும் தேச்சிகினு. இன்னைக்குக் கேப்பா, நாளைக்குக் கேப்பான்னு பாத்துகினே இருந்தேன். நீ கேக்கவேயில்ல. அப்புறம் நானே புரிஞ்சிகினேன். கண்டுபுடிச்சிட்டா, கெழவன நோகடிக்கக் கூடாதுன்னு பேசாம பொறுத்துகினான்னு.” இப்போதுதான் அவர் அவள் முகத்தைப் பார்த்தார். “அன்னிலேர்ந்துதாம்மா நான் ஒழுங்கா தூங்குறேன்.”

அழுக்கு என்று நினைத்தேன் அப்பா. அந்த வார்த்தை தொண்டை வரைக்கும் வந்தது. எனக்கு ஒன்றும் தெரியாது, அழுக்கு என்று நினைத்துத் துடைத்தேன், உங்களை நான் மன்னிக்கவும் இல்லை, பொறுத்துக்கொள்ளவும் இல்லை, உங்கள் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல்தான் பேசாமல் இருந்தேன். பரந்தாமன் செத்து அவருக்கு இருபத்தெட்டு வருஷம். அவளுக்கு இன்னும் அரைமணி நேரம்கூட ஆகவில்லை. இப்போது நெஞ்சில் அடித்துக்கொண்டு அழுதால் இந்த மூன்று வருஷத்துத் தூக்கத்தையும் அவரிடமிருந்து பிடுங்கிக்கொள்ள வேண்டிவரும். அவர் பதிலுக்குக் காத்திருந்தார். மீசை நரைத்து, முகம் சுருங்கி, அந்த மஞ்சள் நகம் பத்தாவது கோட்டுக்கான இடத்தில் தயாராக இருந்தது.

“தெரியும்பா” என்றாள் அம்சவேணி. குரல் உடையாமல் வந்தது அவளுக்கே ஆச்சரியம். “அப்பவே தெரியும்.”

அவர் மெல்லத் தலையாட்டினார். குனிந்து பத்தாவது கோட்டைப் போட்டார், பதினொன்றைப் போட்டார். உள்ளே மூன்றாவது விசிலும் வந்துவிட்டது. அவள் போய் அடுப்பை அணைத்தாள், குழாயைத் திறந்து விட்டுவிட்டு அந்தச் சத்தத்தில் ஒரு நிமிஷம் நின்றாள், ஒரு நிமிஷத்துக்கு மேல் நிற்க முடியாது, அவர் கடிகாரத்தைப் பார்ப்பார். முகத்தைக் கழுவினாள். சோற்றுப் பாத்திரத்தையும் குழம்பையும் கொண்டுபோய்க் கூடத்தில் வைத்தாள். பதினெட்டுக் கோடு போட்ட தாள் ஸ்டூலின் மேல் தயாராக இருந்தது, மை இல்லாமல், சாய்த்துப் பார்த்தால் மட்டும் தெரிகிற மாதிரி. திரும்பிப் போய்த் தட்டு எடுத்து வந்தாள். இரண்டு தட்டு. கோதண்டம் இரண்டாவது தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார். மணி சரியாகப் பன்னிரண்டரை. அவருக்கு எதிரே உட்கார்ந்து அம்சவேணி சோற்றைப் பிசைந்தாள், முதல் வாய் உள்ளே இறங்க வெகுநேரம் ஆயிற்று.